பழைய ஜீப்புக்குப் புதிய எஞ்சின்

1944 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் நிழலில் அலுவலகங்கள் எழுந்தன. மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ்ப் பணிபுரிந்த தளபதிகளும் எழுத்தர்களும் சாரதிகளும் அங்குக் குழுமினர். அவர்களோடு கூட வந்த ஊர்திகளுள் ஒன்று, பின்னர் மலைநாட்டு வாழ்க்கையிலிருந்து பிரிக்க முடியாததாகிவிட்டது. பெட்டி போன்ற உடலும், மடித்து வைக்கத்தக்க முகப்புக் கண்ணாடியும், நான்கு சில்லுகளையும் ஒருங்கே இயக்கும் பொறியமைப்பும் கொண்ட அவ்வூர்தியே ஜீப்.

தலைமையகம் 1945 ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டது. ஜீப்பின் இனமோ இங்கே தங்கிவிட்டது. இன்றும் கண்டிச் சீமையின் சிறு கராஜ்களில் பழைய ஜீப்புகளும் லாண்ட்றோவர்களும் முன்மூடி கழற்றப்பட்டு நிற்பதைக் காணலாம். அவற்றுட் பலவற்றில் பிறப்பிலே அமைந்த எஞ்சின் இல்லை. வேறு நாட்டில், வேறு நோக்கத்துக்காக, பல ஆண்டுகள் பிந்திச் செய்யப்பட்ட எஞ்சின் ஒன்று அங்கே பொருத்தப்பட்டிருக்கும். பழைய வண்டிக்கு இவ்வாறு புதிய ஆற்றல் ஊட்டுவது தகுமா, தகுமாயின் எவ்வளவு தகும் என்பதே இப்பேச்சின் பொருள்.

ஜீப்பின் எஞ்சினே திருத்தப்பட்ட பழைய எஞ்சின்தான் என்பதைப் பலர் அறியார். வில்லிஸ் நிறுவனத்தார் போருக்கு முன்னர் விற்ற சிறு காரில் 48 பரிவலுக் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் அது தாங்காது. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக அமர்ந்த பார்னி றூஸ் என்பார், எஞ்சினின் கொள்ளளவை ஒரு கன சென்ரிமீற்றரேனும் கூட்டாமல் அதனை 60 பரிவலுக்கு உயர்த்தினார். எங்கே முதலில் உடைகிறது என்று பார்த்து, அவ்விடத்தை வலுவாக்கினார். தாங்கிகளைத் திருத்தினார், இடைவெளிகளை நெருக்கினார், முசலங்களை இலேசான அலுமினியத்தில் அமைத்தார். உறுதி வந்த பின்னரே வேகத்தைக் கூட்டினார். 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் அவ்வெஞ்சினைத் தாங்கி உலகெங்கும் சென்றன. கராஜ்களில் இக்காலத்தில் நடைபெறும் மாற்றங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வேகம் முதலில் வருகிறது. உடைவது பின்னர்த் தெரிகிறது.

லாண்ட்றோவரின் கதையும் இதனையொத்ததே. போர் முடிந்தபின் உபரிப் பொருளாக விற்கப்பட்ட ஜீப் ஒன்றை, றோவர் நிறுவனத்துப் பொறியியலாளர் மோறிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் வைத்திருந்தார். அது தேய்ந்தால் அதனிடத்தில் எதனை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து, 1947 இல் ஜீப்பின் சட்டகத்தின் மேலேயே ஒரு மாதிரி வண்டி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30 ஆம் நாள் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட்றோவர் என்ற பெயருடன் அது வெளிவந்தது. அப்பொழுது அதன் எஞ்சின் 1595 கன சென்ரிமீற்றர். வலு ஏறத்தாழ 50. பத்தாண்டுகளுக்குள் கொள்ளளவு 2286 ஆகி, வலு எழுபதை எட்டியது. 1957 இல் டீசல் எஞ்சினும் வந்து சேர்ந்தது. வண்டியைச் செய்தவர்களே அதன் எஞ்சினை ஓயாது மாற்றிக்கொண்டிருந்தார்கள் எனில், மாற்றுவதே பிழை என்று கூற இடமில்லை.

இனி, மலைநாட்டுப் பாதை ஊர்தியிடம் கேட்பது யாது என்பதை நோக்கல் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் செல்லும் வீதி கலகாவை நோக்கி ஏறுகிறது. அதற்கப்பால் தெல்தோட்டை, அதற்கும் அப்பால், 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் வாணிகத்துக்காக முதன்முதல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை. பிரதான வீதி செம்மையாக இருப்பினும், அதிலிருந்து பிரிந்து லயங்களுக்கு ஏறும் தோட்டப் பாதைகள் வேறு வகையானவை. கல் பதித்த ஒற்றைத் தடம். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். ஒரே வீச்சில் திரும்ப இயலாத கொண்டையூசி வளைவுகள். மழைக்காலத்தில் அம்புலன்ஸ் வண்டி ஏறத் தயங்கும் இடங்களும் உள. அத்தகைய இடத்தில் நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியைப் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கு இறக்கிக் கொண்டுவருவது, பெரும்பாலும் யாரோ ஒருவரின் பழைய ஜீப்பே. அதன் எஞ்சினைப் பற்றிய பேச்சு, இங்கே பொழுதுபோக்குக்காரரின் பேச்சு மட்டுமன்று.

இரண்டாயிரம் கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்று, ஐந்தடிக்கு ஓரடி உயரும் கரடுமுரடான ஏற்றத்தில் செல்வதாகக் கொள்வோம். மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறுவதற்குச் சில்லுகளில் வேண்டிய வலு ஏறத்தாழ 15 பரிவலுவே. பல்சில்லுகளில் இழக்கப்படுவதையும் சேர்த்தாலும் இருபதைத் தாண்டாது. அதே ஏற்றத்தில் முப்பது கிலோமீற்றர் வேகம் வேண்டுமாயின், அறுபது பரிவலுவும் போதாது. இதிலிருந்து விளங்குவது யாதெனில், ஏறுவதற்கான வலு பழைய எஞ்சினிலேயே உண்டு. விரைந்து ஏறுவதற்கான வலுவே இல்லை. தோட்டப் பாதையில் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் செல்ல விழைபவர் எவரும் இருக்கமாட்டார். எனவே அங்கே வேண்டப்படுவது பரிவலு என்னும் எண்ணைக் காட்டிலும், குறைந்த சுழற்சியிலேயே தண்டைத் திருப்பும் முறுக்கு விசையாகும். பழைய வில்லிஸ் எஞ்சின் தன் உச்ச வலுவை நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் தருகிறது. உச்ச முறுக்கு விசையையோ 2000 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. மலைப்பாதையில் சாரதியின் காதுக்கு இனிமையானது இந்த இரண்டாவது ஓசையே.

உயரமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. காற்று ஐதாக ஐதாக, எஞ்சின் உட்கொள்ளும் உயிர்வாயுவும் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், காற்றைத் தானாகவே உறிஞ்சும் எஞ்சின் எதுவும் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். கடல்மட்டத்தில் அறுபது காட்டும் எஞ்சின் அங்கே ஐம்பதையே எட்டும்.

வலுவைக் கூட்டும் வழிகளில் பழமையானது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. தேய்ந்த எஞ்சினுக்கு இது எவ்வாறாயினும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அறுபது பங்கு கடைந்தாலும், வில்லிஸ் எஞ்சினின் கொள்ளளவு நூற்றுக்கு நான்கு வீதமே கூடுகிறது. அதனால் கிடைப்பது இரண்டு பரிவலு. அதற்காக மட்டும் கடைவது வீண்செலவு.

அடுத்தது அமுக்கத்தைக் கூட்டுவது. போர்க்கால ஜீப், தரங்குறைந்த பெற்றோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக, 6.48 க்கு ஒன்று என்ற தாழ்ந்த அமுக்க விகிதத்துடன் அமைக்கப்பட்டது. இக்காலப் பெற்றோல் அதனினும் மிகுந்த அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே சிலிண்டர்த் தலையின் அடிப்பரப்பை மெல்லச் சீவினால் எரியறை சுருங்கி, வலு சற்று உயரும். ஆயினும் அவ்வெஞ்சினின் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பவை. தலையைச் சீவச் சீவ, வால்வின் மேலிருந்து சிலிண்டருக்குள் காற்றுச் செல்லும் இடுக்கு வழியும் குறுகிவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த கதைதான். இந்தச் சிக்கலை வில்லிஸ் நிறுவனத்தார் 1950 இல், காற்று புகும் வால்வை மட்டும் மேலே கொண்டுசென்று தீர்த்தார்கள். வலு 72 ஆயிற்று. எஞ்சினின் உயரமும் கூடிற்று. அதனை மூடுவதற்காக 1953 இல் வந்த ஜீப்பின் முன்மூடியை உயர்த்த வேண்டியதாயிற்று. இந்தியாவில் மகீந்திரா நிறுவனத்தார் பல்லாண்டுகள் செய்த ஜீப்புகளின் உயர்ந்த நெற்றிக்குக் காரணம் இதுவே.

இவ்வழிகள் யாவும் பழைய எஞ்சினைப் போற்றுவோருக்கு உரியவை. இலங்கையில் பெரும்பாலோர் கைக்கொண்ட வழியோ, எஞ்சினையே மாற்றிவிடுவது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டியை எப்படியாவது ஓடவைக்கும் கலை இங்கே வளர்ந்தது. 1977 இன் பின்னர்ப் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது, ஜப்பானில் பழைய லொறிகளிலிருந்து கழற்றப்பட்ட டீசல் எஞ்சின்கள் வந்திறங்கின. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைத்தெரு அவற்றின் சந்தையாயிற்று. இசுசு, மிட்சுபிஷி, நிசான் ஆகிய பெயர்கள் லாண்ட்றோவரின் முன்மூடிக்குள்ளே குடிபுகுந்தன. டீசலின் விலை நெடுங்காலமாகப் பெற்றோலினும் குறைந்திருந்தது. டீசல் எஞ்சின் உண்ணும் அளவும் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை கார்கள் வராதிருந்த ஐந்தாண்டுகளில், இக்கலைக்கு மீண்டும் மதிப்பு ஏறிற்று. 2022 இல் எரிபொருள் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டபோது, ஒரு லீற்றரில் எத்தனை மைல் ஏறலாம் என்ற கணக்கைப் படியாதவரும் பழகிக்கொண்டனர்.

டீசல் எஞ்சின் மலைக்குப் பொருந்துவதற்கு விலை மட்டுமே காரணமன்று. குறைந்த சுழற்சியில் மிகுந்த முறுக்கு விசை தருவது அதன் இயல்பு. மின்பொறி கொண்டு பற்றவைக்கும் தேவையில்லாமையால், ஓடையைக் கடக்கும்போது நீர் தெறித்து நின்றுவிடும் தொல்லையும் அதற்குக் குறைவு. இங்கிலாந்தில் 1989 இல் வெளிவந்த 2495 கன சென்ரிமீற்றர் லாண்ட்றோவர் டீசல் எஞ்சின், காற்றை அமுக்கி ஊட்டும் ரேர்போ விசிறியின் துணையால் 111 பரிவலுத் தந்தது. முன்னர்க் கூறப்பட்ட நுவரெலியாவின் ஐதான காற்றுக்கு இத்தகைய விசிறி நல்ல மருந்து. வியப்பு என்னவென்றால், அவ்வெஞ்சின் பழைய 2286 எஞ்சினின் வழித்தோன்றலாகையால், முப்பது ஆண்டு முந்திய கியர் பெட்டியோடும் துளைக்குத் துளை பொருந்துகிறது. ஜப்பானிய எஞ்சினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தடித்த உருக்குத் தகட்டில் இணைப்புத் தட்டு ஒன்றைக் கடைந்து நடுவே வைக்க வேண்டும்.

அந்தத் தட்டில்தான் கைவினைஞரின் திறம் இருக்கிறது. மலைநாட்டில் ‘பாஸ்’ என்று மரியாதையுடன் அழைக்கப்படும் தேர்ந்த தொழிலாளி, எஞ்சினின் கிராங் தண்டும் கியர் பெட்டியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றனவா என்பதைத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பார். மயிரிழை பிசகினாலும் கிளச் நடுங்கும். தாங்கி சில மாதங்களில் கத்தத் தொடங்கும். தண்டின் பற்கள் தேய்ந்து, ஒரு நாள் நடுவழியில் வண்டி நிற்கும். சிலர் இத்தொல்லைக்கு அஞ்சி, எஞ்சினோடு அதன் சொந்தக் கியர் பெட்டியையும் சேர்த்தே பொருத்திவிடுகின்றனர். அது எளிது. ஆனால் நான்கு சில்லுகளுக்கும் ஆற்றலைப் பகிரும் பெட்டியையும், அதனோடு அமைந்த தாழ்ந்த கியரையும் பின்னர்க் கொண்டுவந்து இணைப்பது எளிதன்று. இணைக்காமல் விட்டால், மலை ஏறும் வண்டி வெறும் சிறு லொறியாகிவிடும்.

இதற்கு அப்பால் வருவனவே உண்மையான இடர்கள். பழைய லாண்ட்றோவரின் முதல் தாழ்கியரில், எஞ்சின் ஏறத்தாழ நாற்பது சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். அதாவது எஞ்சினின் முறுக்கு விசை நாற்பது மடங்காகப் பெருகிச் சில்லுகளைச் சேர்கிறது. எஞ்சினில் முறுக்கு விசை ஒன்றரை மடங்கானால், பின் அச்சுத் தண்டுகளில் விழும் சுமையும் ஒன்றரை மடங்காகிறது. அவ்வச்சுத் தண்டுகளோ பழைய எஞ்சினுக்கே சில வேளைகளில் முறிந்தவை. பாறையில் ஒரு சில்லு சிக்கியிருக்கையில் கிளச்சைச் சட்டென்று விடும் சாரதிக்கு, முறியும் ஓசை தெளிவாகவே கேட்கும். 1979 இல் லாண்ட்றோவர் நிறுவனத்தாரே தம் வண்டிக்கு எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியபோது, றேஞ்ச் றோவரில் 130 பரிவலு அளவில் தந்த அதே எஞ்சினை 91 பரிவலுக்குக் கட்டுப்படுத்தியே கொடுத்தார்கள். வண்டியின் ஏனைய உறுப்புகள் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்தவர்கள் செய்த செயல் அது.

ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறு செய்தால் வண்டி நிற்காது. எஞ்சின் மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் ஏற்றத்தைப் பற்றியே பேசுகின்றனர். ஆயினும் கலகாவிலிருந்து பேராதனைக்கு இறங்குபவருக்கு வேண்டுவது வேறு.

முதலாவதாக, சாரதியின் காலுக்குத் துணைநிற்கும் வெற்றிட உதவி கொண்ட பிரேக் இருக்குமாயின், அது பெற்றோல் எஞ்சினின் உறிஞ்சு குழாயிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டே இயங்கும். டீசல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் அவ்வெற்றிடம் இல்லை. அதற்கென்று தனியே ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். ஜப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் அது மின்பிறப்பாக்கியின் பின்புறத்தில் அமைந்திருக்கும். எஞ்சினை வாங்கியவர், மின்பிறப்பாக்கி பழுதென்று வேறொன்றை மலிவாக வாங்கிப் பொருத்திவிடுகிறார். பம்பு போயிற்று. சமதரையில் பிரேக் சற்றுக் கடினமாக இருப்பதாக மட்டுமே தோன்றும். இறக்கத்தின் மூன்றாம் வளைவில்தான் வேறுபாடு தெரியும்.

இரண்டாவதாக, எஞ்சினே ஒரு தடை. பெற்றோல் எஞ்சினில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் காற்று வழி அடைபடுகிறது. அடைபட்ட வழியில் காற்றை இழுக்க முசலங்கள் படும் பாடு வண்டியைப் பின்னிழுக்கிறது. டீசல் எஞ்சினில் எரிபொருள் மட்டுமே நிற்கும். காற்று வழி திறந்தே இருக்கும். ஆகவே ஒரே அளவுள்ள எஞ்சின்களுள், டீசல் பின்னிழுப்பது குறைவு. பெரிய லொறிகளில் புகைபோக்கியை அடைத்துத் தடைசெய்யும் உபாயம் வைக்கப்படுவது இதனாலேயே.

இதற்கு மேல் இன்னொரு சபலம் உண்டு. டீசல் எஞ்சின் மிகுந்த சுழற்சிக்குச் செல்லாதாகையால், பழைய 4.7 விகித டிபரன்ஷியலுடன் ஓடும் வண்டி, கண்டி - கொழும்பு வீதியில் ஓலமிட்டு ஊர்ந்து செல்லும். அதனால் றேஞ்ச் றோவரின் 3.54 விகித டிபரன்ஷியலைத் தேடிப் பொருத்துகின்றனர். பெருவீதியில் வண்டி அமைதியாக ஓடுகிறது; எரிபொருளும் மிச்சமாகிறது. ஆனால் முதல் தாழ்கியரில் நாற்பதாக இருந்த மடங்கு முப்பதாகிவிடுகிறது. இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலிமையில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. கொழும்புக்கு மாதம் ஒருமுறை செல்பவர், நாள்தோறும் இறங்கும் பாதையைப் பணயம் வைப்பது விந்தையான வாணிகம். பெருவீதியின் அமைதியே வேண்டுமெனில், கியர் பெட்டியோடு சேரும் மிகைவேகக் கியர் ஒன்றைப் பொருத்தலாம். வேண்டாத இடத்தில் அதனை விலக்கிவிட முடியும். தாழ்கியரின் மடங்கு குறையாது. செலவு சற்றுக் கூடும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். மலையேறும் வண்டி மெதுவாகச் செல்வதால் ரேடியேற்றருக்குக் காற்று போதாது. எஞ்சினோ முழுமூச்சாக உழைக்கிறது. பழைய ரேடியேற்றர் பழைய வலுவுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தால் அதற்கும் போதாது. டீசல் எஞ்சினின் நிறையும் கூடுதலாகையால் முன் வில்லுகள் தாழும். தாழ்ந்தால் திசைதிருப்பி கனக்கும். இவை பணத்தால் தீரும் குறைகள்.

எஞ்சினை மாற்றியவர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருள் வகையையும் பதிவுசெய்தல் வேண்டும். செய்யாதவருக்கு விபத்துக்குப் பின் காப்புறுதி கிடைப்பது கடினம்.

வலுவைத் தவிர, வண்டியைப் பல தொழிலுக்கும் பயன்படுத்தும் விருப்பமும் இம்மாற்றங்களுக்குப் பின்னால் இருக்கிறது. லாண்ட்றோவர் தொடக்கத்திலேயே பண்ணைக் கருவியாகக் கருதப்பட்டது. கியர் பெட்டியின் பின்னிருந்து வெளிவரும் தண்டொன்றில் வாரை மாட்டி, மரம் அறுக்கும் வாளையோ நீரிறைக்கும் பம்பையோ மருந்து தெளிக்கும் கருவியையோ இயக்கலாம். நின்ற இடத்திலிருந்து கருவியை ஓட்டும்போது, சுமை ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சினின் வேகம் மாறாதிருத்தல் வேண்டும். டீசல் எஞ்சினுக்கு வேகத்தை ஒழுங்குசெய்யும் கருவி உடன்பிறந்தது. பெற்றோல் எஞ்சினுக்கு அதனைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். ஆகவே இத்தொழில்களுக்கு டீசல் நன்கு பொருந்தும். பழைய கியர் பெட்டியை நீக்காதிருந்தால் மட்டுமே அந்தத் தண்டும் எஞ்சியிருக்கும் என்பதை மாற்றுமுன்னரே நினைத்தல் நலம். முறிந்து வீதியின் குறுக்கே விழுந்த மரத்தை அகற்றவும், சேற்றில் புதைந்த லொறியை இழுக்கவும் உதவும் சுருள்வடத்தையும் அதே தண்டு இயக்கும்.

மாற்றிய வண்டியை முதன்முறை வெளியே எடுப்பவர், சமதரையில் அதன் வேகத்தை நண்பருக்குக் காட்ட முற்படுவது வழக்கம். அதற்கு மாறாக, வழக்கமான சுமைக்கு ஈடான மணல் மூட்டைகளை ஏற்றி, தெரிந்த ஏற்றமொன்றில் மெல்ல ஏறி, வெப்பமானியைக் கவனித்து, உச்சியில் நிறுத்தி, எண்ணெய் கசிகிறதா என்று அடியில் குனிந்து பார்த்து, பின்னர் ஏறிய அதே கியரில், இயன்றவரை பிரேக்கில் கால் வையாது இறங்கிப் பார்ப்பவர் அறிந்துகொள்வது மிகுதி. அடிவாரத்தில் நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவிடத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுசெல்ல வேண்டும். சூடு முகத்தில் அடிக்குமாயின், வண்டியைக் கராஜுக்குத் திருப்பிக்கொண்டு போகலாம். மணல் மூட்டைகள் இருந்த இடத்தில் அன்று எவரும் அமர்ந்திருக்கவில்லை.